உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம்

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, வேலைகளுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்வித்துறை அதிகாரிகளே, எனக்கு முன் அருமையாகப் பேசிய பேராசிரியர் அம்மா அவர்களே, விழாக் குழுச் செயலாளர் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் ஐயா என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளுக்குத் தலைவணங்குகிறேன்.

அனுபவத்தின் வழியே கற்பதைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். பிற பண்பாட்டாரிடம் கற்பது ஒன்று. நான் யார் என்ற கேள்வி இரண்டு. எனக்கான இடம் எது என்பது மூன்று. எதைப் பேசினாலும் நான் தொடங்குமிடம் ஒன்றுதான்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!

கர்ட் ஹான் என்றொரு ஜெர்மானியக் கல்வியாளர். ஹிட்லரை எதிர்த்தவர். 1933-இல் சிறையில் அடைத்தார்கள். வெளியே வந்தவர் பிரிட்டனுக்குப் போனார். மறு ஆண்டே ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார். 1941-இல் வேல்ஸ் கடலோரத்தில் அவுட்வர்டு பவுண்டு என்ற வெளிப்புறப் பயிற்சிப் பள்ளி. 1962-இல் பல நாட்டுப் பிள்ளைகள் ஒன்றாகத் தங்கிப் படிக்கும் அட்லாண்டிக் கல்லூரி. நாட்டை விட்டுத் துரத்தப்பட்டவர் அடுத்தவர் பிள்ளைகளுக்கு இடம் தேடிக் கொடுத்தார்!

நான் நடத்திய ஒரு முகாமைச் சொல்கிறேன். பன்னிரண்டு பிள்ளைகள், நான்கு தாய்மொழிகள். அதில் ஒரு பையன், அப்பாவின் வேலைக்காக ஊர் ஊராக மாறியவன். "நீ எந்த ஊர்?" என்று யார் கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்வான். மூன்றாம் நாள் இரவு காற்றும் மழையும். கூடாரத்தின் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. நனைந்த கயிறு முடிச்சுக்குள் நிற்காமல் வழுக்குகிறது. ஆளுக்கொரு மொழியில் கத்துகிறார்கள், ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரியவில்லை. அப்போது இவன் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, பாட்டியிடம் கேட்ட மொழியில் ஒரே ஒரு சொல் சொன்னான். "இழு" என்று பொருளாம். அவன் சொல்ல, எல்லாரும் இழுத்தார்கள். கூடாரம் நிமிர்ந்தது. மறுநாள் மலையேறும்போதும், பாத்திரம் தூக்கும்போதும் பன்னிரண்டு வாயிலும் அதே சொல்!

அன்று மாலை வட்டமாக உட்கார்ந்தோம். வெகுநேரம் பேசாமல் இருந்தவன் சொன்னான்: "இந்தச் சொல்லை எங்க வீட்டுக்கு வெளியே நான் சொன்னதே இல்ல, சார்."

அந்த வட்டம் இல்லாவிட்டால் அந்த வாக்கியம் எனக்குக் கிடைத்திருக்குமா? டேவிட் கோல்ப் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர், அனுபவத்திலிருந்து கற்பதன் நான்கு படிகளை 1984-இல் விளக்கினார்: அனுபவித்தல், அசைபோடுதல், கருத்தாக்குதல், மீண்டும் செய்துபார்த்தல். நம்மிடம் இரண்டாவது படிக்குத்தான் நேரமே இல்லை. பேருந்தை விட்டு இறங்கியதும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். பத்து வருடம் முகாம் நடத்திய நானும் அதைத்தான் செய்தேன். எத்தனை பிள்ளைகள் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனார்களோ! அது இன்றும் என்னை உறுத்துகிறது. அசைபோடாத பயணமும் ஏட்டுச் சுரைக்காய்தான், அதுவும் கறிக்கு உதவாது.

அதிகாரிகளிடம் கைகூப்பிக் கேட்கிறேன். பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகும் ஒவ்வொரு நாளுக்கும், உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம் பாடவேளை அட்டவணையில் வேண்டும். மதிப்பெண் வேண்டாம், அறிக்கை வேண்டாம், வட்டம் மட்டும் போதும். மற்ற இரண்டு செய்திகளுக்கு நேரமில்லை என்று செயலாளர் மணியைக் காட்டுகிறார். கோரிக்கை மனு வாசலில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.