பந்து கீழே விழுந்தும் ஏன் அவுட்? சிறார் சாப்ட்பாலில் புரியாத தீர்ப்புகள்

[திரை: மைதானம் மேலிருந்து தெரிகிறது. முதல் பேஸிலும் இரண்டாவது பேஸிலும் ரன்னர்கள்.]

சாப்ட்பால்ல பந்தை அடிச்ச பேட்டர் ரன்னரா ஓடி, மூணு பேஸையும் வரிசையா மிதிச்சு, கிளம்பின ஹோம் பிளேட்டுக்கே திரும்பினா ஒரு ரன். இந்தக் காட்சியில இன்னும் யாரும் அவுட் ஆகலை. பேட்டர் அடிச்ச பந்து நேரா மேல எழும்புது. அது காத்துல இருக்கும்போதே அம்பயர் கையை உயர்த்தி, “இன்ஃபீல்ட் ஃப்ளை, பேட்டர் அவுட்!”னு கத்தறார். அடுத்த நொடி ஷார்ட்ஸ்டாப், அதாவது ரெண்டாவது பேஸுக்கும் மூணாவது பேஸுக்கும் நடுவுல நிக்கற பீல்டர், கையிலேருந்து பந்து நழுவி விழுது. பிடிக்கவே இல்லையே, எப்படி அவுட்டுன்னு பெத்தவங்க எழுந்து நின்னுடறாங்க.

இந்த விதி இல்லைன்னா என்ன ஆகும்னு பாருங்க. கேட்ச் ஆயிடும்னு நெனச்சு ரெண்டு ரன்னரும் பேஸை ஒட்டியே நிப்பாங்க. ஷார்ட்ஸ்டாப் வேணும்னே பந்தைத் தவறவிட்டா, பேட்டர் முதல் பேஸுக்கு வர்றதால ரெண்டு பேரும் ஓடியே ஆகணும். மூணாவது பேஸுக்கு ஒரு வீச்சு, அங்கேருந்து ரெண்டாவதுக்கு ஒண்ணு. சுலபமா ரெண்டு அவுட். அந்தத் தந்திரத்தை அடைக்கத்தான் பேட்டரை முன்கூட்டியே அவுட்னு சொல்லிடறாங்க. கேக்கறப்போ அடிக்கிற அணிக்கு எதிரான தீர்ப்பு மாதிரி இருக்கும். ஆனா அவங்களைக் காப்பாத்தறதுக்காக வந்த விதி இது.

ரெண்டு அவுட் ஆகறதுக்கு முன்னாடிதான் இது செல்லும். முதல் ரெண்டு பேஸ்லயும், இல்லைன்னா மூணுலயும் ஆள் இருக்கணும். பந்து கோட்டுக்கு உள்ள இருக்கணும். பன்ட் (மட்டையை வீசாம பந்தை மெதுவாத் தட்டி விடறது), தாழ்வாப் பாயற அடி ரெண்டும் சேராது. பீல்டர் சாதாரண முயற்சியில பிடிச்சிடக்கூடிய பந்தாவும் இருக்கணும். சின்னப் பிள்ளைங்க ஆட்டத்துல அம்பயருக்குக் கஷ்டமே இந்தக் கடைசிக் கேள்விதான்.

இன்னொண்ணு, பந்து இன்னும் ஆட்டத்துலதான் இருக்கு. பேட்டர் அவுட் ஆயிட்டதால ரன்னர் ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனா பந்து விழுந்ததும் வெளியிலேருந்து யாராவது “ஓடு, ஓடு”ன்னு கத்துவாங்க. பத்து வயசுப் பிள்ளை அதை நம்பி ஓடும், வழியிலேயே பந்தால தொட்டு அவுட் ஆக்கிடுவாங்க. ஒவ்வொரு தடவையும் இதைப் பார்க்க எனக்கு மனசு கேக்கறதில்லை. தயவுசெஞ்சு கத்தாதீங்க. அந்த வேலையைக் கோச் பார்த்துக்கட்டும்.

[திரை: பந்து வீசும் பிட்சரைச் சுற்றி வெள்ளை வட்டம். 8 அடி ஆரம்.]

அடுத்தது ‘லுக்-பேக்’ விதி. யாரும் பந்தை எறியலை, யாரும் ரன்னரைத் தொடலை. ஆனாலும் ரன்னர் அவுட்.

பந்தோட பிட்சர் இந்த வட்டத்துக்குள்ள வந்துட்டாங்க, பேட்டர் ஓடற ஓட்டமும் முடிஞ்சுது. அப்போ பேஸை விட்டு வெளிய இருக்கற ரன்னர் ஒரு தடவை நிக்கலாம். நின்ன உடனே முன்னாடி போகணும், இல்லைன்னா திரும்பணும். ஒரு பக்கம் கிளம்பிட்டா மனசை மாத்த முடியாது. பிட்சர் எறியற மாதிரி கையை ஓங்கினா அந்தக் கட்டுப்பாடு விலகும். நடுவுல நின்னு யோசிச்சா அவுட், பந்து டெட், அதாவது ஆட்டம் அங்கேயே நின்னுடும். இதை வைக்கலைன்னா ரன்னர் முன்னும் பின்னும் போக்குக் காட்டிக்கிட்டே இருப்பாங்க, அடுத்த பந்தே வீச முடியாது.

[திரை: அம்பயர் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி நிற்கிறார். ஆட்டம் தொடர்கிறது.]

இந்தக் கையைப் பார்த்துப் பழகிக்கோங்க. பந்து கையில இல்லாத பீல்டர் ரன்னரோட வழியை மறிச்சா, அது அப்ஸ்ட்ரக்‌ஷன். அம்பயர் ஆட்டத்தை நிறுத்த மாட்டார். எல்லாம் ஓஞ்சதும், மறிக்காம இருந்திருந்தா ரன்னர் எந்த பேஸுக்குப் போயிருப்பாங்களோ அதைக் குடுப்பார். தொட்டு அவுட் ஆன பிள்ளையை எழுப்பி பேஸ்ல நிக்க வைக்கறது இதனாலதான்.

இதுக்கு நேர் எதிர், இன்டர்ஃபியரன்ஸ். அடிச்ச பந்தை எடுக்கப் போற பீல்டர் மேல ரன்னர் மோதினா, பந்து உடனே டெட், ரன்னர் அவுட். வேணும்னு மோதலையேன்னு நிறைய பேர் வாதாடறாங்க. இங்க அந்தக் கேள்விக்கே இடமில்லை. அடிச்ச பந்தை எடுக்கறவங்களுக்குத்தான் வழி. சுத்திப் போக வேண்டியது ரன்னரோட பொறுப்பு.

பேட்டர் வீசியும் அடிக்காம விட்ட பந்தோ, அடிக்காம விட்ட நல்ல பந்தோ ஒரு ஸ்ட்ரைக்; மூணு ஆனா வழக்கமா அவுட். ஆனா மூணாவது ஸ்ட்ரைக்கை, பேட்டருக்குப் பின்னாடி நிக்கற கேட்சர் பிடிக்காம விட்டா பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம். ஆனா அந்த பேஸ் காலியா இருக்கணும், இல்லைன்னா ஏற்கெனவே ரெண்டு அவுட் ஆகியிருக்கணும். ரொம்பச் சின்ன வயசுப் பிரிவுகள்ல சில இடங்கள்ல இதை அனுமதிக்கறதில்லை. ஆட்டத்துக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.

சரி, அம்பயர்கிட்ட எதைக் கேக்கலாம்? “கால் பேஸ்ல பட்டுச்சா இல்லையா?” இது அவர் கண்ணுக்குத் தெரிஞ்சதைப் பொறுத்தது. புரோட்டெஸ்ட் (முறைப்படி ஆட்சேபணை) பண்ண முடியாது. “ரெண்டு அவுட் ஆனப்புறம் இன்ஃபீல்ட் ஃப்ளை குடுத்துட்டீங்களே?” இது விதி. கோச் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிட்டு, மரியாதையாப் போய்க் கேக்கலாம். அடுத்த பந்து வீசறதுக்குள்ள கேக்கணும்.

[திரை: ஒரு சிறுமி ஹோம் பிளேட்டை மிதிக்கிறாள். அணி ஓடிவந்து கட்டிக்கொள்கிறது.]

கடைசியா இந்தக் காட்சி. வர்ற வழியில இவ ரெண்டாவது பேஸை மிதிக்கலை. பக்கத்துலயே நின்ன அம்பயர் பார்த்துட்டார். ஆனா வாயே திறக்கலை. பீல்டிங் அணி தானா கேட்டாத்தான் அவர் சொல்லலாம். அவங்க பந்தை எடுத்து ரெண்டாவது பேஸைத் தொட்டு, “மிதிக்கலை”ன்னு முறையிட்டா அவுட். யாரும் கேக்காம பிட்சர் அடுத்த பந்தை வீசிட்டா, அந்த ரன் ரன்தான்.