சென்சா கசக்குதா? தண்ணீரை ஆற்றிவிட்டு ஊற்றுங்கள்

[காட்சி: கொதித்து அடங்கும் கெட்டில்]

வணக்கம். ஆசையாக சென்சா என்ற ஜப்பானிய பச்சைத் தேயிலை பாக்கெட் ஒன்று வாங்கி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, ஒரு வாய் குடித்து முகம் சுளித்து, பாக்கெட்டை அலமாரிக்குள் தள்ளியவர்களில் நானும் ஒருத்தி. தப்பு இலை மேல் இல்லை.

கசப்பும் துவர்ப்பும் தருகிற கேட்டசின், தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவு வேகமாக இறங்கும். நாக்கில் தங்குகிற உமாமி என்ற ருசியைத் தரும் ‘தியனின்’ என்ற பொருளோ மிதமான சூட்டிலேயே கரைந்துவிடும். அதனால் சென்சாவுக்கு 70 முதல் 80 டிகிரி போதும்.

தெர்மாமீட்டரா? வேண்டாம்.

[காட்சி: ஒரு கப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர்]

கொதித்த தண்ணீரை முதலில் கப்பில் ஊற்றுங்கள். கப்பும் சூடாகும், எத்தனை பேருக்கு எவ்வளவு என்ற அளவும் கிடைக்கும், ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஏறக்குறைய 10 டிகிரி குறையும். இரண்டு தடவை மாற்றினால் ஆயிற்று. நம் டீக்கடையில் டீயை ஆற்றுவதை ஜப்பானியர்கள் தண்ணீரிலேயே முடித்துவிடுகிறார்கள்.

இரண்டு பேருக்கு 4 கிராம் இலை. பக்கவாட்டில் பிடி வைத்த கியூசு என்ற ஜப்பானிய டீ பாட் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வடிகட்டி உள்ள எந்தச் சின்ன டீ பாட்டும் சரிதான். தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள், கரண்டி போட்டுக் கலக்கவே கூடாது.

[காட்சி: இரண்டு கப்பிலும் மாறி மாறி ஊற்றுதல்]

ஊற்றும்போது இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று மாறி மாறி ஊற்றினால்தான் இரண்டும் ஒரே திடத்தில் வரும். கடைசிச் சொட்டு வரை வடித்துவிடுங்கள், ருசியே அதில்தான் இருக்கிறது. உள்ளே தேங்கினால் அடுத்த கஷாயம் கசக்கும். மூடியையும் லேசாகத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் இலை உள்ளேயே வெந்துபோகும்.

இரண்டாம் முறைக்கு இன்னும் கொஞ்சம் சூடான தண்ணீர், 10, 15 விநாடி. இலை ஏற்கெனவே விரிந்துவிட்டதே!

பறிப்பதற்கு முன் 20 நாளாவது நிழலில் வளர்க்கிற கியோகுரோ என்ற பச்சைத் தேயிலைக்கு 50, 60 டிகிரிதான், இரண்டு நிமிடம். ஹோஜிச்சா வறுத்த இலை, அதற்குக் கொதிக்கும் தண்ணீரே ஊற்றலாம்; பொறுமையில்லாத நாட்களில் நான் அதைத்தான் போடுவேன்.

அப்புறம், நல்ல சென்சா என்றால் மிஞ்சின இலையைக் கொட்டாதீர்கள். சோயா சாஸ் இரண்டு சொட்டு விட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், கீரை மாதிரியே இருக்கும்.