14 நாற்காலிகளும் ஒரு கணக்கு வாத்தியாரும்

எல்லோருக்கும் வணக்கம்.

இலங்கையின் முதல் அமைச்சரவையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவில் தொடங்குவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அவர் எப்படியும் வந்துவிடுவார். நான் சி. சுந்தரலிங்கத்தில் தொடங்குகிறேன். யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்காரர். ஆக்ஸ்போர்டில் படித்தவர், பிறகு கொழும்பில் கணிதப் பேராசிரியர். பிடிவாதக்காரர் என்று அவரைப் பிடித்தவர்களே சொல்வார்கள்.

பிரித்தானியர் ஆட்சியில் 1931இல் வந்த டொனமூர் அரசியலமைப்பில் இப்போது நாம் அறிந்த அமைச்சரவை கிடையாது. அன்றைய சட்டசபையான அரசாங்க சபையின் உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிவார்கள். ஒவ்வொரு குழுவும் தனக்குள் ஒரு தலைவரைத் தெரிவு செய்யும். அந்தத் தலைவர்தான் மந்திரி. ஒரு குழுவில் யாருக்குப் பெரும்பான்மையோ அவர்கள் ஆளே மந்திரியாவார். அப்படியென்றால், நம் ஆட்களை ஒரே குழுவில் குவித்து வைக்காமல் ஏழிலும் அளவாகப் பிரித்துப் போட்டால் என்ன ஆகும்? 1936இல் அதுதான் ஆனது. ஏழு மந்திரிகளும் சிங்களவர்கள். இந்தக் கணக்கைச் சிங்களத் தலைவர்களுக்குப் போட்டுக் கொடுத்தவர் சுந்தரலிங்கம் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கதை. நான் அதைக் கதையாகவே சொல்கிறேன். ஆனால் அந்த ஏழுக்கு ஏழு தமிழர் மனதில் போட்ட தழும்பு கதையல்ல. அதற்குப் பிறகுதான் சபையில் பாதி இடம் சிங்களவருக்கு, பாதி மற்றச் சமூகங்களுக்கு என்ற ஜி. ஜி. பொன்னம்பலத்தின் 'ஐம்பதுக்கு ஐம்பது' கோரிக்கை சூடு பிடித்தது.

சரி, 1947க்கு வருவோம். டொனமூருக்கு அடுத்து வந்த சோல்பரி அரசியலமைப்பின் கீழ் ஆகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 20 வரை தேர்தல் நடந்தது. தெரிவு செய்யப்பட வேண்டிய இடங்கள் 95. சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு அப்போது ஒரு வயதுதான். 1946 செப்டம்பரில் பிறந்த கட்சி. அதற்குக் கிடைத்தது 42. இடதுசாரிகள் மூன்று கட்சிகளாகப் பிரிந்து நின்றும் 18 இடங்களைப் பிடித்தார்கள். பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ் 7. மலையகத்தில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது. சுயேச்சைகள் 20 பேருக்கு மேல். இந்தச் சுயேச்சைகள்தான் அந்தத் தேர்தலின் உண்மையான மாப்பிள்ளைகள். எல்லோரும் அவர்கள் வீட்டு வாசலில் நின்றார்கள்.

சேனநாயக்கவுக்கு எதிரானவர்கள் சிறீ நிசங்கவின் 'யமுனா' இல்லத்தில் கூடி மாற்று அரசாங்கம் அமைக்க முடியுமா என்று பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நியமன உறுப்பினர்கள் ஆறு பேரையும் சேர்த்தால் சபையில் 101 பேர். 42உடன் ஆறைக் கூட்டினாலும் 48தான். மீதிக்குச் சுயேச்சைகள் வேண்டும். அப்படி வந்தவர்களில் இருவர் வவுனியா சுந்தரலிங்கமும் மன்னார் சி. சிற்றம்பலமும். இருவரும் மந்திரிகளானார்கள்: சுந்தரலிங்கத்துக்கு வர்த்தகம், சிற்றம்பலத்துக்குத் தபால், தொலைத்தொடர்பு.

மொத்தம் 14 பேர். பிரதமர் சேனநாயக்க பாதுகாப்பையும் வெளிவிவகாரத்தையும் தானே வைத்துக்கொண்டார். மகன் டட்லிக்கு விவசாயமும் காணியும். மருமகன் முறையான சேர் ஜோன் கொத்தலாவலவுக்குப் போக்குவரத்து. ஐக்கிய தேசியக் கட்சியின் ஆங்கிலச் சுருக்கமான யூ.என்.பி. என்றால் 'அங்கிள் நெஃப்யூ பார்ட்டி', மாமன் மருமகன் கட்சி என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கேலி செய்தது சும்மா இல்லை. நிதி ஜே. ஆர். ஜயவர்தனவுக்கு, அப்போது வயது 41. சுகாதாரமும் உள்ளூராட்சியும் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவுக்கு. தொழில், சமூக சேவை மலாய் சமூகத்தைச் சேர்ந்த டி. பி. ஜாயாவுக்கு. இந்த மேசையில் இருந்தவர்களில் எதிர்காலப் பிரதமர்கள் மட்டும் நான்கு பேர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இல்லாத ஒருவரையும் சொல்ல வேண்டும். இலவசக் கல்வியைக் கொண்டுவந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர அந்தத் தேர்தலில் மத்துகமையில் தோற்றுப்போனார். நாடு முழுக்கப் பள்ளிக் கட்டணத்தை எடுத்துவிட்ட மனிதருக்கு முதல் அமைச்சரவையில் இடமில்லை. கல்வி ஈ. ஏ. நுகவெலவிடம் போனது.

இன்னொரு சின்ன விஷயம். தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் அமைச்சரவை என்கிறோமே, அதில் இரண்டு பேருக்கு ஒரு வாக்காளரும் வாக்களிக்கவில்லை. குறைந்தது இரண்டு மந்திரிகள் மேல்சபையான செனட்டிலிருந்து வர வேண்டும், அதில் ஒருவர் நீதி மந்திரியாக இருக்க வேண்டும் என்பது சோல்பரி விதி. அப்படி வந்தவர்கள் ஒலிவர் குணதிலக்கவும் எல். ஏ. ராஜபக்சவும்.

அப்புறம், தேர்தல் நடந்தபோது நாடு சுதந்திர நாடே இல்லை. 1948 பெப்ரவரி 4 பிறகுதான் வந்தது. சுதந்திரம் கிடைத்தபின் மக்களிடம் மறுபடி போய்க் கேட்டது 1952இல். இடையில் நடந்ததெல்லாம் பழைய வாக்கின் பேரில் நடந்தது. அந்த வாக்கைப் போட்டவர்களில் இந்திய வம்சாவளி மலையகத் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் என்ன சொன்னது? இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் முப்பாட்டனும் பிறந்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த ஒருவர் தன் தகப்பன் பிறந்ததற்கு எந்தக் கந்தோரில் போய்ச் சான்று வாங்குவார்? கொழும்பில் பெரிய வீட்டில் இருந்தவர்களிலேயே எத்தனை பேரிடம் அந்தக் கடதாசி இருந்திருக்கும்? ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1949இல் இன்னொரு சட்டம் வாக்குரிமையையும் எடுத்தது. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஒரு இடம்கூட இல்லை.

சுந்தரலிங்கம் அந்த முதல் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். சிற்றம்பலமும்தான். இங்கேதான் அமைச்சரவை என்ற இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். டொனமூர் காலத்து மந்திரி தன் குழுவுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். பக்கத்து மந்திரி கொண்டுவரும் சட்டத்தைச் சபையில் எதிர்க்கலாம். புதிய முறையில் கூட்டுப் பொறுப்பு. உள்ளே எவ்வளவு சண்டை போட்டாலும் வெளியே ஒரே கை தூக்க வேண்டும். 14 பேரில் இரண்டு தமிழர் இருப்பது தமிழருக்குப் பாதுகாப்பு என்றுதான் நம்பினார்கள். நடந்தது வேறு. அந்த இரண்டு பேரின் கைகளும் சட்டத்துக்குச் சேர்ந்து உயர்ந்தன. தமிழ் மந்திரிகளே ஆதரித்த சட்டம் என்று சொல்ல வசதியாகப் போயிற்று.

1948 ஆகஸ்டில் அந்தச் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிரணியில் இருந்து எதிர்த்து வாக்களித்தவர் ஜி. ஜி. பொன்னம்பலம். செப்டம்பரில் அவரே கைத்தொழில், மீன்பிடி மந்திரியாக உள்ளே போனார். டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய குடிகளுக்கான பிரசாவுரிமை மசோதா வந்தது. தொழிலாளர்கள் விண்ணப்பித்துப் பிரசைகளாகலாம் என்றது, நிபந்தனைகள் கடுமையானவை. பொன்னம்பலம் ஆதரித்தார். சுந்தரலிங்கம் வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாமல் சபையை விட்டு எழுந்து போனார். பிரதமர் விளக்கம் கேட்டார். விளக்கத்துக்குப் பதில் ராஜினாமா போனது.

நான்கு மாதத்துக்கு முன்னால் எழுந்து போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். உள்ளே இருந்தால் திருத்தலாம் என்று அவர் நம்பியிருக்கக்கூடும். கணிதம் தெரிந்தவருக்கு 14இல் 2 என்றால் எவ்வளவு என்று தெரியாமல் இருந்திருக்காது.

பொன்னம்பலத்தோடு முரண்பட்டுப் பிரிந்த செல்வநாயகமும் வன்னியசிங்கமும் நாகநாதனும் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். 1951இல் பண்டாரநாயக்க அமைச்சரவையை விட்டு விலகி, சிறீ லங்கா சுதந்திரக் கட்சியை ஆரம்பித்தார். 1952 மார்ச்சில் காலிமுகத்திடலில் குதிரையிலிருந்து விழுந்து சேனநாயக்க இறந்தார். அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் சிலர் ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். முதலில் இருந்த இரண்டு தமிழரில் சிற்றம்பலம் எழுந்து போகவில்லை.

சுந்தரலிங்கம் 1959இல் ஈழத் தமிழ் ஒற்றுமை முன்னணி என்று ஒரு கட்சியைத் தொடங்கித் தனிநாடு கேட்டார். அப்போது அவரைப் பெரிதாக யாரும் சட்டை செய்யவில்லை. இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.