கண்ணீர் யார் பங்கு?

நடுவருக்கும் அவைக்கும் வணக்கம். 'தேவர் மகன்' படத்தில் நம்மைக் கலங்கடிப்பது பங்காளிப் பகையா, பெரிய தேவராக வரும் சிவாஜியின் திடீர்ச் சாவா? சாவுதான் என்பது எங்கள் அணி.

எதிரணித் தம்பி போகிற போக்கில் ஒரு குத்து விட்டார். "செட்டிநாட்டுப் பங்காளிகள் சேர்கிற இடம் இரண்டு, ஒன்று பந்தி, இன்னொன்று கோர்ட்டு" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்! தம்பி, பங்காளிகள் கூடி முன்னோரைக் கும்பிடுகிற படைப்பு வீட்டுப் பக்கம் போனதுண்டா? காலையில் வாய்தாவுக்குப் போன இரண்டு பேரும் படைப்பு அன்றைக்கு ஒரே முன்னோர் முன்னால் விழுந்து கும்பிடுவார்கள். எழுந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அது வேறு விஷயம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு வளவு வீட்டில் இரண்டு ஆச்சிமார், ஓரகத்திகள். பேச்சுவார்த்தை இல்லை. இரண்டாம் கட்டு முற்றத்தில் யார் வத்தல் போடுவது என்று சண்டை. வத்தல் காய்ந்துவிட்டது, சண்டை காயவில்லை. டி.வி. இருப்பது பெரிய ஆச்சியிடம். இந்தப் படம் போட்ட அன்று சின்ன ஆச்சி தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே பாக்கு வெட்டினார். பஞ்சாயத்தில் பங்காளி நாசர் பெரிய தேவர் மேல் எகிறுகிறார். "சில பேரு அப்படித்தான்" என்று பெரிய ஆச்சி. தூணுக்குப் பின்னால் பாக்குவெட்டி 'டக்'! நாசர் மறுபடி எகிறுகிறார். "வளர்ப்பு அப்படி." 'டக், டக்'! பாக்கு தூளாகிவிட்டது ஐயா, மாவாகவே போய்விட்டது! அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, இரண்டு பேரும் ரசித்தார்கள். அன்று இரவே சிவாஜி கண்ணை மூடுகிறார். பாக்குவெட்டிச் சத்தம் இல்லை. பெரிய ஆச்சி மூக்கைச் சிந்திக்கொண்டே, "அங்கே ஏன்டி இருட்டுல உக்காந்திருக்கே, இங்கே வா" என்றார். அந்தச் சாவு செய்ததை எந்தப் பஞ்சாயத்தாலும் செய்ய முடியவில்லை!

பகை இல்லாமல் அந்தச் சாவு ஏது என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். கோயில் பூட்டை உடைத்தது, வடிவேலு கை போனது, கரை உடைந்து ஊர் மூழ்கியது, எல்லாம் பகைதான். அதற்கெல்லாம் பல்லைக் கடித்தோம், அழுதோமா? 1992 தீபாவளிக்கு வந்த படம். லண்டனில் படித்து, ஓட்டல் வைக்கக் கிளம்பிய பிள்ளை, அப்பா போனதும் அவர் மீசையோடு வந்து நின்றானே, அப்போதுதானே உடைந்தோம்?

அப்புறம் இந்தச் செட்டிநாட்டு ஊரைப் பாருங்கள். அத்தனை பெரிய வீட்டில் அப்பச்சியும் ஆத்தாவும், அதாவது அப்பாவும் அம்மாவும் மட்டும். பிள்ளைகள் சிங்கப்பூரில், அமெரிக்காவில். நடுராத்திரி ஒரு போன். அப்புறம் பிளேன் டிக்கெட்டுக்கு அலைகிற அலைச்சல். முகமாவது பார்க்கக் கிடைக்குமா என்று...

மணி அடித்துவிட்டீர்கள், நடுவரே. தீர்ப்பை எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். அப்பச்சி இருக்கிறவர்கள் இப்போதே வெளியே போய் ஒரு போன் போட்டுவிட்டு வாருங்கள், எதிரணி பேசும்போது போனால் எனக்கு இன்னும் நல்லது. வணக்கம்.