மொட்டைப்பனையை விட்டுவையுங்கள்

தலைவர் அவர்களே, அதிபர் அவர்களே, வெய்யிலையும் பாராமல் வந்திருக்கும் கமக்காரர் அமைப்பினரே, மாதர் சங்கத் தாய்மாரே, பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கப் பெரியோரே, பிள்ளைகளே, வணக்கம். பந்தலும் கதிரையும் தந்த சனசமூக நிலையத்தாருக்குத் தனி நன்றி.

மொரீசியஸ் தீவின் கிளியையும் அதன் பொந்தையும் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பச்சைக்கிளிக்கு அது நெருங்கிய சொந்தம். 1980களில் உலகத்திலேயே பத்துப் பன்னிரண்டுதான் எஞ்சின. பழங்காட்டில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட மிஞ்சவில்லை. பொந்துள்ள முதுமரம் அருமை. கிடைத்த பொந்திலும் மழைத்தண்ணீர் தேங்கியது, எலி முட்டையைத் தின்றது, ஈப்புழு குஞ்சின் இரத்தத்தைக் குடித்தது. இலவு காத்த கிளி என்பார்கள். இது பொந்து காத்த கிளி.

அந்தக் கிளியைக் காக்க வந்த பணியாளர்கள் கயிற்றில் ஏறினார்கள். பொந்தின் அடியில் தண்ணீர் வடியத் துளையிட்டார்கள், வாய்க்கு மேலே கூரை வைத்தார்கள், எலி ஏறாமல் மரத்தைச் சுற்றி வழுக்கும் தகடு அடித்தார்கள். பக்கத்து மரக் கொப்பு முட்டிக்கொண்டிருந்தால் தகட்டால் பயனில்லை. எலி அதன் வழியே தாவிவிடும். அதனால் கொப்பையும் வெட்டினார்கள். கூட்டுத் தூளில் பூச்சிமருந்து கலந்தார்கள்.

தாய்மாரே, இதைக் கேளுங்கள். அந்தக் கிளி இரண்டு மூன்று குஞ்சு பொரித்தாலும் பெரும்பாலும் ஒன்றைத்தான் வளர்த்தெடுக்கும். பிந்திப் பொரித்தது தீனியில்லாமல் வாடும். இன்னொரு மரத்தில் ஒரு பேடு கூழ்முட்டையை அடைகாத்துக்கொண்டிருக்கும். உண்மையான இலவு காத்த கிளி அதுதான். வாடிய குஞ்சை எடுத்து அதன் கூட்டில் வைத்தார்கள். அது தன் பிள்ளையென்றே இரையூட்டி வளர்த்தது. வேறு குஞ்சுகளைக் கையாலும் வளர்த்துக் காட்டில் விட்டார்கள். இன்று எழுநூறுக்கு மேல் பறக்கின்றன.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். பரந்தனிலும் புதுக்குடியிருப்பிலும் ஷெல் தலையறுத்த பனைகள் நின்றன. வெளி வைரம் நிற்க, நடுச்சோற்றி உக்கும், மரங்கொத்தி துளைக்கும், பிறகு கிளியும் மைனாவும் குடிவரும். அந்த மொட்டைகளைத்தான் வளவு துப்புரவாக்கும்போது முதலில் தறிக்கிறோம். கதிரைக் கிளி கொத்துகிறது என்ற கமக்காரரின் நோவு உண்மை. அதற்குக் கதிர்க்காலத்தில் காவல் இருப்போம். வீட்டுக்கு மேலே சரிந்த மொட்டையையும் தறிக்கத்தான் வேண்டும், ஆனால் தை மாசியில் தறிக்காதீர்கள், உள்ளே குஞ்சு இருக்கும். வயலோரத்திலும் குளக்கட்டின் கீழும் நிற்பவற்றை விட்டுவிடுவதென்று இந்தக் கூட்டத்திலேயே கமக்காரர் அமைப்பு தீர்மானம் எழுத வேண்டும். செயலாளர் அவர்களிடம் கொப்பி இருக்கிறது.