கிளட்சை விடும்போது கேட்கும் 'டக்'

நேயர்களுக்கு வணக்கம். சங்ககிரியில் முப்பது வருடமாக லாரிப் பட்டறை வைத்திருக்கிறேன். லோடு ஏற்றிய வண்டியை நகர்த்தக் கிளட்சை விடும்போது அடியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தோடு மாதக்கணக்கில் வண்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

பெரும்பாலும் அது புரப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் போடுகிற சத்தம். கியர் பாக்ஸ் சுற்றுவதைப் பின்னால் ஹவுசிங்குக்கு, அதாவது பின் சக்கரங்களைச் சுற்றவைக்கிற பெட்டிக்குக் கொண்டுபோகிற தண்டுதான் இந்த ஷாஃப்ட். மேடு பள்ளத்தில் ஹவுசிங் ஏறி இறங்கும்போது தண்டு வளைந்துகொடுக்க முடியாது. அதற்காகத்தான் கூட்டல் குறி மாதிரி கிராஸை வைத்திருக்கிறார்கள். இன்ஜின் 800 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை கொடுத்தால், முதல் கியரில் ஏழரை மடங்கு பெருகி 6,000 ஆகிவிடும். அவ்வளவும் இரண்டு கைக்குள் அடங்குகிற அந்த இரும்பு வழியாகத்தான் போகிறது. 2018-ல் பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை வரம்பை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தினார்கள். அதற்கு மேலும் ஏற்றி, சேற்றில் சிக்கிய வண்டியைக் கிளட்சைப் பட்டென்று விட்டு எடுத்தால் கிராஸ் என்ன செய்யும்?

கிராஸின் நாலு முனையிலும் மூடி இருக்கும், மூடிக்குள் ஊசி மாதிரி மெல்லிய உருளைகள் கொண்ட ஊசி பேரிங். கிரீஸ் கன்னை நிப்பிளில் வைத்து நாலு அடி அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். நாலு மூடியிலும் பழைய கிரீஸ் பிதுங்கி, புதுசு எட்டிப் பார்க்கிற வரை அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்த ஒன்று காய்ந்து கிடக்கிறது. அப்படிப்பட்ட மூடியைக் கழற்றினால் மிளகாய்த்தூள் மாதிரி சிவப்புத் துரு கொட்டும். உள்ளே கிராஸின் காலில் ஊசி ஊசியாகப் பள்ளம் விழுந்திருக்கும். நகத்தை ஓட்டினாலே தட்டுப்படும். அதற்கு மேல் கிரீஸ் அடித்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஒரு சிமெண்ட் லோடு வண்டிக்கு ஒரே வருடத்தில் மூன்று கிராஸ் போனது. ஓனர் அண்ணன் உதிரி மட்டம் என்று திட்டிக்கொண்டே வந்தார். மூன்றாவது தடவை கிராஸைத் தொடாமல், ஷாஃப்ட்டை முழுசாக இறக்கித் தரையில் போட்டுப் பார்த்தேன். ஷாஃப்ட்டின் நீளம் கூடிக் குறைய, பல்லோடு பல் நழுவுகிற இணைப்புதான் சிலிப் ஜாயிண்ட். வழியில் யாரோ அதைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தார்கள். கோணத்தில் சுற்றும் கிராஸ் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். மறுமுனைக் கிராஸ் அதைச் சமன் செய்ய வேண்டும். இரண்டு முனையும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் சமன் ஆகாது. தண்டு அதிர்ந்து அதிர்ந்து கிராஸையும், தண்டை நடுவில் தாங்குகிற சென்டர் பேரிங்கையும் தின்றுவிடும். இரண்டு பாகத்திலும் உள்ள அம்புக்குறியை நேருக்கு நேர் பார்த்து மாட்டிக் கொடுத்தேன். அதன் பிறகு அந்த வண்டி கிராஸ் கேட்டு வரவில்லை. ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு வையுங்கள் தம்பிகளே, ஒரு நிமிட வேலைதான்.

தொப்பூர் மாதிரி இறக்கத்தில் ஷாஃப்ட் கழன்று விழுந்தால் வண்டியைப் பிடித்து நிறுத்துகிற இன்ஜின் இழுவை அந்த நொடியே போய்விடும். தொங்குகிற தண்டு சுழன்று பிரேக்குக்குப் போகிற காற்றுக் குழாயையும் அறுக்கலாம். ஷாஃப்ட்டைத் தாங்க அடியில் ஒரு இரும்பு வளையம் இருக்கும். இடைஞ்சலாக இருக்கிறது என்று அதைக் கழற்றி எறிந்த வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

ஹவுசிங்கில் ஆயில் சீல் அடிக்கடி ஒழுகினால், மேலே இருக்கிற பிரீதரை, அதாவது காற்று போகிற சின்னத் துளையைப் பாருங்கள். அதில் மண் அடைத்துக்கொண்டால் சூடான காற்று வெளியேற வழியில்லாமல் சீலைத் தள்ளும்.

அப்புறம், நடுவழியில் நின்ற வண்டியைக் கட்டி இழுப்பது. பின் சக்கரம் ரோட்டில் உருள, ஷாஃப்ட்டைக் கழற்றாமல் இழுத்து வருகிறார்கள். சக்கரம் சுற்றினால் கியர் பாக்ஸின் மெயின் ஷாஃப்ட்டும் சுற்றும். ஆனால் ஆயிலை வாரி மேலே இறைக்கிற கீழ்த் தண்டு, இன்ஜின் ஓடாததால் சுற்றாது. சின்னக் கோளாறுக்காக இழுத்து வந்த வண்டி, பட்டறை வாசலுக்கு வரும்போது, ஆயில் கிடைக்காமல் கியர் பாக்ஸ் பேரிங் சூட்டில் நீலம் பாய்ந்து வந்து நிற்கும். இழுக்கும் முன் ஷாஃப்ட்டையோ ஆக்சிலையோ கழற்றிவிடுங்கள். நன்றி, வணக்கம்.