பொது ஆலோசனை உபத்திரவமே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்! கம்ப்யூட்டர் கோளாறுக்கு எல்லோரும் சொல்லும் பொது ஆலோசனை உதவியா, உபத்திரவமா என்பது கேள்வி. உபத்திரவமே என்று அடித்துச் சொல்கிறது எங்கள் அணி.

எதிரணித் தோழர் என்ன சொன்னார்? “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, பாதிப் பிரச்சினை போயிடும்.” ஐயா, 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்தே அந்த வாக்கு பலிப்பதில்லை! சீக்கிரம் எழுப்புவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் மெஷினில் ஷட் டவுன் கொடுத்தால் சிஸ்டம் முழுசாக அணையாது. சிஸ்டத்தின் மையமான கெர்னலையும், வைஃபை போன்ற பாகங்களை இயக்கும் டிரைவர்களையும் இருந்த நிலையிலேயே டிஸ்கில் எழுதி வைத்து, காலையில் அப்படியே எடுத்துப் போட்டுவிடும். நேற்று மக்கர் பண்ணிய வைஃபை டிரைவர் இன்றும் அதே மக்கரோடு எழுந்திருக்கும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு போய் ‘அப் டைம்’ பாருங்கள். ராத்திரி அணைத்த மெஷின் 9 நாளாக ஓடுவதாகக் காட்டும்! முழுசாக அணைந்து எழ, ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். இல்லையா, ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுக்க வேண்டும். இந்த ஒரு வரியை யார் சொல்கிறார்கள்?

அடுத்து, பழைய டெஸ்க்டாப். எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் “இணைப்பு பாதுகாப்பானதல்ல”. உடனே பிரவுசர் சேமித்து வைத்த கேஷை அழி, பிரவுசரை மாத்து, ஆன்டிவைரஸ் ஓட்டு, கடைசியில் ஃபார்மட் அடி! திரையின் வலது மூலையில் தேதியை யாராவது பார்த்தார்களா? 2009 என்று நிற்கிறது! அசல் தளம்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் வெப்சைட்டின் சான்றிதழுக்குத் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. கடிகாரம் பின்னால் போனால் பிரவுசர் அதை ஏற்காது. குற்றவாளி, கரண்ட் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட வைக்க மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி. 3 வோல்ட் தர வேண்டியது மல்டிமீட்டரில் 2.5-க்குக் கீழே காட்டினால் மாற்ற வேண்டியதுதான். பவர் கார்டைக் கழற்றுங்கள். ஓரத்துக் கிளிப்பைத் தள்ளினால் பேட்டரி துள்ளி வரும். புதியதை பிளஸ் பக்கம் தெரியும்படி வைத்து, விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் அமைப்புத் திரையில் தேதியைத் திருத்துங்கள். வேலை முடிந்தது. ஃபார்மட் அடித்தவருக்கோ, ஸ்விட்சை அணைத்ததும் கடிகாரம் மறுபடி பின்னால் போகும். பிள்ளையின் போட்டோவும் கடைக் கணக்கும் போனதுதான் மிச்சம்!

“ஆளாளுக்குத் தனியாகச் சொல்ல முடியுமா?” என்கிறார் எதிரணித் தலைவர். முடியும்! திரையில் என்ன வந்தது, எப்போதிலிருந்து, அதற்கு முன் எதை மாற்றினீர்கள் என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். பிரிண்டர் ஆஃப்லைன் என்றாலும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்ற விண்டோஸ் கட்டளையை ஓட்டச் சொல்கிறீர்களே, அது விண்டோஸின் சொந்தக் கோப்புகளை மட்டுமே சரிபார்க்கும். கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் பிரிண்டருக்குப் புது ஐபி முகவரி கொடுத்து, கம்ப்யூட்டர் பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருந்தால், அதை எஸ்எஃப்சி எப்படிக் கண்டுபிடிக்கும்? எதிரணி பதில் சொல்லட்டும். நன்றி!